முத்துக்குள்ள மணல் இல்லீங்க!

"சிப்பிக்குள்ள ஒரு மணல் துகள் போய் மாட்டிக்கும். அது உறுத்தும். வலி தாங்காம சிப்பி ஏதோ ஒரு திரவத்தைச் சுரந்து அதை மூடும். அது இறுகி முத்தாகும்."

முத்து எப்படி வருதுன்னு குழந்தைங்க கேட்டா நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்ற பதில் இதுதான். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் இது ரொம்பப் பிடிச்ச கதை. 'உன் வலியை முத்தாக்கு'ன்னு முடிச்சா கைதட்டல் நிச்சயம். ஒரே ஒரு சிக்கல்தான். கதை தப்பு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சிப்பி வாழ்றதே கடலடியில். அங்கே மணலுக்கா பஞ்சம்? நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி, அதிலிருக்கிற நுண்ணுயிர்களைத் தின்று பிழைக்கிற பிராணி அது. மணலும் தூசியும் அதுக்கு அன்றாட சமாச்சாரம். வேண்டாததை வெளியே தள்ளிவிட அதுக்குத் தெரியும். ஒவ்வொரு மணலும் ஒரு முத்தாகுமென்றால் தூத்துக்குடியில முத்தைப் படி கணக்கில் அளந்து வித்திருப்பாங்க.

அப்போ சரியான பதில் என்ன? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனா பதிலை நேரா சொல்லிட்டுப் போனா பாதி சுவாரசியம் போயிடும். மனுஷன் அந்தப் பதிலுக்கு வந்து சேர ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வழியில பெரும்பகுதி நம்ம மன்னார் வளைகுடா வழியாத்தான் போகுது. கோடிக்கணக்கில் சிப்பிகளை அள்ளிப் பார்த்த இடம் அது. அங்கே கிடைக்காத பதில் வேற எங்கேயோ கிடைச்சது. ஏன்ங்கிறதுதான் கதை.

முதல்ல சிப்பி வீடு கட்டுற விதம்

ஒரு முத்துச்சிப்பியைத் திறந்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்க. வானவில் மாதிரி மினுமினுக்கும். வெளிப்பக்கம் அழுக்கா, சொரசொரன்னு இருக்கும். இந்த ஓட்டைக் கட்டினது யார்? சிப்பியின் உடம்பைப் போர்த்தினாப்போல, ஓட்டோட உள்பக்கத்தை ஒட்டி ஒரு மெல்லிய சதைப்போர்வை இருக்கு. விலங்கியல் புத்தகத்துல இதை மேன்டில்னு சொல்வாங்க. நாம போர்வைத்தோல்னே வச்சுக்குவோம். இந்தத் தோலோட வெளிப்பக்க செல்களுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஓடு கட்டுறது.

கட்டுமானப் பொருள் கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற அதே சரக்கு. அதை ரொம்ப மெல்லிய தகடுகளா அடுக்கி, நடுவில ஒருவகைப் புரதத்தைப் பசை மாதிரி தடவி, மேல மேல ஒட்டிக்கிட்டே போகும். செங்கல்லும் சாந்தும் போலன்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய அரை மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வரணும்னா கிட்டத்தட்ட 2000 அடுக்கு வேணும். தகடோட கனமும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதால, அதுல பட்டுத் திரும்புற வெளிச்சம் நிறம் நிறமா பிரியுது. அந்த மினுமினுப்புக்குக் காரணம் இதுதான். சோப்பு நுரையில தெரியுற அதே வித்தை.

ஆக, ஓட்டின் உள்பக்கமும் முத்தும் ஒரே சரக்கு. 1717லேயே பிரான்ஸின் ரெயோமூர் இதை எழுதிட்டார். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஓட்டின் மேல் தட்டையாகப் பூசப்பட வேண்டிய சரக்கு, ஏன் சில சிப்பிகளில் மட்டும் சதைக்குள்ளே போய் உருண்டையாகுது?

வானத்தைப் பார்த்த காலம்

நம்ம ஊர் பாட்டிகளுக்கு இதுக்கு ஒரு பதில் இருந்தது. சுவாதி நட்சத்திரத்துல மழை பெய்யும்போது சிப்பி கடல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறக்கும், அதுல விழுற துளி முத்தாகும். கிட்டத்தட்ட இதே கதையை ரோமில் உட்கார்ந்துகிட்டு பிளினியும் எழுதியிருக்கார். கி.பி. 77 வாக்கில் முடிச்ச தன்னுடைய பெரிய இயற்கை வரலாற்று நூல்ல, சிப்பி பனித்துளியால சூல்கொள்ளுதுன்னும், பனித்துளி தெளிவா இருந்தா முத்து வெள்ளையாகும், கலங்கி இருந்தா முத்தும் மங்கும்னும் சொல்றார்.

சிரிக்காதீங்க. முத்து வட்டமா, தண்ணீர்த் துளி மாதிரியே இருக்கு. ஆயிரத்தில் ஏதோ சில சிப்பிகளில்தான் நல்லதா கிடைக்குது. அப்போ அது அபூர்வமான நேரத்துல விழுந்த அபூர்வமான துளின்னு நினைச்சதில் தப்பென்ன? இருக்கிற தகவலை வச்சு போட்ட கணக்கு அது.

அந்த ரோமானியர்களுக்கு முத்து எங்கிருந்து போச்சுன்னு தெரியுமில்லையா? பாண்டியர் துறைமுகமான கொற்கை. இன்னிக்குத் தூத்துக்குடி மாவட்டத்துல, கடல்ல இருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சின்ன கிராமம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதின 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' நூல்ல இந்த இடம் வருது. போறபோக்கில் ஒரு தகவலும் இருக்கு. பாண்டிய நாட்டைச் சேர்ந்த இந்த முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைத்தான் வேலைக்கு வைத்தார்களாம்.

சங்கப் பாடல்கள்ல கொற்கை முத்தின் பெருமையைப் படிச்சு மகிழ்ந்திருப்போம். அந்த முத்தை எடுத்து வரக் கைதியை இறக்கினாங்கன்னு படிக்கும்போது கொஞ்சம் திடுக்குன்னுதான் இருக்கு. விருப்பப்பட்டு யாரும் செய்யுற வேலையா அது இருந்திருக்காதுன்னு தோணுது.

சலாபம்

முத்துக்குளிக்கிற பருவத்துக்குத் தமிழ்ல சலாபம்னு பேரு. சிப்பிகள் கூட்டமா வாழுற கடலடிப் பாறைத்திட்டுக்கு 'பார்'. மன்னார் வளைகுடா முழுக்க இப்படிப் பல பார்கள். இலங்கைப் பக்கம் பெரிய பார், தூத்துக்குடிப் பக்கம் தொலையிரம் பார்னு ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர் உண்டு.

வேலை எப்படி நடக்கும்? ஒரு படகு, அதில் ஜோடி ஜோடியா ஆட்கள். ஒருத்தர் முங்குவார், ஒருத்தர் மேலே கயிறு பிடிப்பார். முங்குறவர் பதினைஞ்சு இருபது கிலோ எடையுள்ள கல்லில் கால் வைப்பார். மூச்சை இழுத்துப் பிடிச்சு மூக்கைக் கையால பொத்துவார். கல் அவரை அடியில கொண்டு சேர்க்கும். அஞ்சு பாகத்திலிருந்து பத்து பாகம் ஆழம், அதாவது 9 முதல் 18 மீட்டர். ஒரு நிமிஷம் போல அடியில இருந்து கையில அகப்பட்டதை எல்லாம் கூடையில அள்ளிப் போட்டுட்டுக் கயிறை ஆட்டினா மேலே இழுப்பாங்க. மறுபடியும் முங்கு. ஒரு நாள்ல பல பத்து முறை. கண்ணாடி கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது.

சுறா பயத்துக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. கடல்கட்டின்னு ஒருத்தர். மந்திரத்தால சுறாவின் வாயைக் கட்டிவிடுவார்னு நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவங்களைப் பத்திச் சொல்லியிருக்கார். கிடைக்கிறதுல பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்காம். பின்னாடி வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மந்திரத்துல நம்பிக்கை இல்லைன்னாலும் கடல்கட்டிக்குச் சம்பளம் குடுத்திருக்காங்க. அவர் இல்லாட்டி ஒருத்தரும் தண்ணியில இறங்க மாட்டாங்க, வேற வழி? :-)

இந்த முத்துக்காக நடந்த சண்டைகள் தனிப் பதிவுக்கு ஆகும். சுருக்கமா சொன்னா, முத்துக்குளிக்கும் உரிமை யாருக்குங்கிற தகராறில்தான் 1530களில் பரதவர்கள் போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு கேட்டுப் போனாங்க. சில வருஷத்துலயே பல்லாயிரம் பேர் கத்தோலிக்கரா மாறினாங்க. பிரான்சிஸ் சேவியர் 1542ல இங்கே வந்தபோது அவங்க ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. அப்புறம் 1658ல தூத்துக்குடியை டச்சுக்காரங்க பிடிச்சாங்க. அதுக்கும் அப்புறம் ஆங்கிலேயர். கொடி மாறிச்சு, பங்கு கேட்கிற ஆள் மாறல. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இலங்கைச் சலாபத்துல கணக்கு இப்படி: மூணு பங்கு சிப்பியில ரெண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முங்கினவங்களுக்கு.

கவனிக்க வேண்டிய விஷயம், பங்கு போட்டது முத்தை இல்லை, மூடின சிப்பியை. உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அரசாங்கம் தன் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவுன்னு அப்படியே ஏலம் போடும். வாங்கினவருக்கு லாட்டரி.

அப்புறம் அந்தச் சிப்பிகளைக் கடற்கரையில ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுவாங்க. ஈ மொய்ச்சு, புழு வச்சு, சதை கரைஞ்சதும் தண்ணி ஊத்திக் கழுவி முத்தைப் பொறுக்கணும். அந்த நாத்தம் பத்தி எழுதாத வெள்ளைக்காரரே இல்லை.

இப்போ ஒண்ணு புரியுதா? முத்து எங்கே, எதுக்குள்ளே, எப்படி உட்கார்ந்திருந்ததுன்னு பார்க்கணும்னா சிப்பி புதுசா இருக்கணும். சதையை மெல்லிசா சீவி நுண்ணோக்கியில பார்க்கணும். சலாபத்துல முதல்ல நடக்கிறதே சதையை அழுக விடுறதுதான். கோடிக்கணக்கான சிப்பிகள் கைக்கு வந்தும், ஒவ்வொரு தடவையும் சாட்சி அழிஞ்சு போச்சு. நம்ம தொழில்ல சொல்லணும்னா, பிழை வந்த ஒவ்வொரு முறையும் லாக் ஃபைலை அழிச்சுட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கதை.

புழுதான் காரணமா?

ஆங்கிலேயருக்கு முத்தின் பிறப்பு மேல ஆர்வம் வந்ததுக்குக் காரணம் அறிவியல் தாகம் மட்டும் இல்லை. வருமானம். சலாபம் வருஷா வருஷம் நடக்கிற விஷயம் இல்லை. திடீர்னு ஒரு பாரில் சிப்பி குமிஞ்சு கிடக்கும், அடுத்த முறை போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது.

1850களின் கடைசியில் இலங்கையைச் சேர்ந்த மருத்துவர் கெலார்ட் அரசாங்கத்துக்காகச் சிப்பிகளை ஆராய்ந்தார். உயிரோட வளர்த்துப் பார்த்தார். சிப்பிக்குள்ளே ஒட்டுண்ணிப் புழுக்களைக் கண்டு, முத்துக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொன்னார். அந்தப் புழுவைச் சிப்பிகளுக்குத் தொற்ற வைச்சா முத்து பெருகுமோன்னு ஒரு யோசனையும் சொன்னார். பாவம், 1860லேயே இறந்துட்டார்.

1891க்குப் பிறகு இலங்கைப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல சலாபமே இல்லை. அரசாங்கம் பயந்துபோய் லிவர்பூலிலிருந்து விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மனை 1902ல வரவழைச்சது. அவருக்கு உதவியா ஜேம்ஸ் ஹார்னெல். இவங்களோட அறிக்கை 1903 முதல் 1906 வரை அஞ்சு பெரிய தொகுதிகளா வந்தது. கடலடி, நீரோட்டம், சிப்பியின் எதிரிகள் எல்லாம் அதுல இருக்கு. பெரிய பார் கதையும் இருக்கு. அங்கே குஞ்சுச் சிப்பிகள் ஏராளமா வந்து ஒட்டும், ஆனா வளர்றதுக்குள்ள அழிஞ்சுபோகும். அதனால அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாத்தி விடணும்னு சொன்னாங்க.

முத்துக்கான காரணமா அவங்க கை காட்டினது ஒரு நாடாப்புழுவின் குட்டியை. அது சிப்பிக்குள்ளே போகும், செத்தா அதைச் சுத்தி முத்து வளரும். செத்துப்போகாத புழு? சிப்பியைத் தின்கிற கிளாத்தி மீனுக்குப் போய், அந்த மீனைத் தின்கிற திருக்கையின் வயிற்றில் பெரிசாகி முட்டை போடும்னு கணக்கு. அதாவது சிப்பியைத் தின்கிற மீன்தான் அடுத்த தலைமுறை முத்துக்கும் காரணம். திரைக்கதை பிரமாதம். அந்தக் காலத்துல பலரும் ஏத்துக்கிட்டாங்க.

இதுக்கு நடுவுல அதிர்ஷ்டமும் அடிச்சது. 1903ல சலாபம் மறுபடி ஆரம்பிச்சது. 1905ல உச்சம். ஒரே பருவத்துல சுமார் 8 கோடி சிப்பிகள். அரசுக்கு வருமானம் 25 லட்ச ரூபாய்க்கு மேல. மறிச்சுக்கட்டியில ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை, சில வாரத்துக்குப் பல்லாயிரம் பேர் வாழுற ஊரா மாறிச்சு. பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள், செட்டியார்கள், பம்பாய் வியாபாரிகள். 1906ல அங்கே மேற்பார்வைக்குப் போன இளம் அதிகாரிகள்ல ஒருத்தர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர்.

இந்தக் கொழிப்பைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பெனி கிளம்பிச்சு. 1906ல பார்களை 20 வருஷத்துக்கு வருஷம் மூணு லட்ச ரூபாய்க்கு மேல குத்தகை பேசி எடுத்தாங்க. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கடல் காலி. 1912ல கம்பெனியை மூடிட்டாங்க. அஞ்சு தொகுதி அறிக்கை அலமாரியில இருந்தது. ஆனா ஒரே மூச்சுல அத்தனை கோடி சிப்பியை அள்ளினா அப்புறம் என்ன மிஞ்சும்னு யாரும் நின்னு யோசிச்ச மாதிரி தெரியல.

அதே 1912ல லிஸ்டர் ஜேம்சன் என்பவர், ஹெர்ட்மனின் நாடாப்புழுக் கதைக்கு ஆதாரம் போதாதுன்னு விரிவா எழுதினார். இவர் முக்கியமான ஆள். 1902லேயே கடல் மட்டிகளை மெல்லிசா சீவி நுண்ணோக்கியில பார்த்திருந்தார். முத்தைச் சுத்தி எப்பவும் ஒரு சின்னப் பை இருக்கிறதைக் கவனிச்சார். அந்தப் பையின் சுவர், போர்வைத்தோலில் இருக்கிற ஓடு கட்டும் செல்கள் மாதிரியே இருந்தது.

பதில்

இப்போ சரியான பதிலுக்கு வந்துட்டோம். முத்துக்கு வேண்டியது மணல் இல்லை. புழுகூட கட்டாயம் இல்லை. வேண்டியது சிப்பியின் சொந்தப் போர்வைத்தோலில் ஒரு துணுக்கு, இருக்க வேண்டிய இடத்தை விட்டு உள்ளே போறது.

ஒரு மீன் கடிச்சு ஓரம் கிழியலாம். ஒரு புழு துளைச்சுக்கிட்டு உள்ளே போகும்போது சில செல்களையும் தள்ளிக்கிட்டுப் போகலாம். அப்படி உள்ளே போன செல்கள் சாகாம பிழைச்சுக்கிட்டா, பெருகி ஒரு மூடின பையா ஆகும். அந்தச் செல்களுக்குத் தெரிஞ்சது ஓடு கட்டுற வேலை மட்டும்தான். அதனால பைக்குள்ளேயும் அதையே செய்யும். எல்லாப் பக்கமும் சுவர் இருக்கிறதால சரக்கு தட்டையா படியாம உருண்டையா சேரும். அதுதான் முத்து. ஒரு ஃபங்ஷனைக் காப்பி பண்ணி வேற ஃபைலில் ஒட்டிட்டா, இடம் தெரியாம அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யுமே, அது போல.

அப்போ நிஜமாவே ஒரு துகள் ஓட்டுக்கும் போர்வைத்தோலுக்கும் நடுவுல மாட்டினா? அதுமேலயும் பூச்சு விழும். ஆனா ஓட்டோட ஒட்டின ஒரு பொட்டாத்தான் இருக்கும். சீனர்கள் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே நன்னீர் மட்டிக்குள்ள சின்னச் சின்ன புத்தர் உருவங்களை வச்சு முத்துப்பூச்சு ஏத்தினது இந்த வழியில்தான். ஜப்பானின் மிகிமோட்டோ, தோபா ஊர் நூடுல்ஸ் கடைக்காரர் மகன், 1893 ஜூலை 11 அன்னிக்கு எடுத்ததும் இப்படிப்பட்ட அரைமுத்துதான்.

முழு உருண்டைக்கான வழி, துணுக்குத் தோலையும் சேர்த்து வைக்கிறது. மட்டி ஓட்டைக் கடைஞ்சு செஞ்ச ஒரு மணி, கூடவே இன்னொரு சிப்பியின் போர்வைத்தோலில் வெட்டின ரெண்டு மூணு மில்லிமீட்டர் துணுக்கு. ரெண்டையும் சிப்பியின் சதைக்குள்ளே ஒட்டினாப்போல வைக்கணும். 1907 வாக்கில் ஜப்பானில் மிசே என்ற தச்சரும் நிஷிகாவா என்ற விலங்கியலாளரும் தனித்தனியா இந்த முறைக்கு உரிமை கேட்டாங்க. இதுல நிஷிகாவா மிகிமோட்டோவின் மருமகன். ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த சாவில்-கென்ட் அதுக்கும் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டார்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு.

மணி மட்டும் வச்சுத் தோலை வைக்கலைன்னா? முத்து வராது. தோலை மட்டும் வச்சு மணியை வைக்கலைன்னா? முத்து வரும்! இன்னிக்குச் சீனாவில் வளர்க்கிற நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவை மணியே இல்லாம வெறும் தோல் துணுக்கால் வந்தவை. மணல் கதைக்கு இதைவிட என்ன மறுப்பு வேணும்?

1920களில் ஜப்பான் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்ததும் வியாபாரிகள் அலறினாங்க. போலின்னாங்க. ஆனா சரக்கு அதே சரக்கு, கட்டினதும் அதே செல்கள். அடுத்த பத்து பதினைஞ்சு வருஷத்துல உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துக்க, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பு படுத்துடுச்சு.

தூத்துக்குடியில என்ன ஆச்சு?

நம்ம பக்கம் 1955லிருந்து 1961 வரைக்கும் தொடர்ந்து சலாபம் நடந்தது. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடக்கல. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல பேர் மட்டும் இருக்கு.

ஆனா கதை அதோட முடியல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவரோட குழுவும் 1972ல தூத்துக்குடிக்குப் பக்கத்துல வேப்பலோடையில முத்து வளர்ப்பு ஆய்வை ஆரம்பிச்சாங்க. ஜப்பான் நிறுவனங்கள் நுணுக்கங்களை வெளியே விடாத காலம். இவங்க தாங்களே செஞ்சு செஞ்சு பார்த்துக் கத்துக்கிட்டு, 1973 ஜூலையில உருண்டையான முத்தை எடுத்துக் காட்டினாங்க. 1981ல சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்க வைக்கிறதிலும் ஜெயிச்சாங்க.

இதுல எனக்கு மனசைத் தொடுறது எது தெரியுமா? மன்னார் வளைகுடாச் சிப்பியும் ஜப்பானின் அகோயா சிப்பியும் நெருங்கின சொந்தம். உள்ளங்கைக்குள்ள அடங்குற அதே சின்னச் சிப்பி. 1905ல 8 கோடியை அழுக விட்டது எதுக்காகவோ, அது ஒரு துணுக்குத் தோல், ஒரு மணி, நிதானமான ஒரு கை, கொஞ்ச மாசம் பொறுமை, இவ்வளவுலயே கிடைச்சிருக்கும். அத்தனை கைதிகளும் முங்குக்காரங்களும் அந்தக் கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கியிருக்கவே வேண்டியதில்லை.

ஆனா அதுக்கு, முத்து எத்தனைங்கிற கேள்வியை விட்டுட்டு முத்து எப்படிங்கிற கேள்வியைக் கேட்டிருக்கணும். பங்கு வாங்கின எந்த அரசும் கையிருப்பு குறையுற வரைக்கும் அதைக் கேட்கல. கேட்டபோதும், வெளியிலிருந்து வர்ற ஒரு பொருளைத்தான் தேடினாங்க. துளி, மணல், புழு. கடைசியில் பார்த்தா சிப்பி அந்நியனை எல்லாம் பெரிசா கண்டுக்கவே இல்லை. அது தன்னோட தோலாலதான் எல்லாத்தையும் செய்யுது.

சரி, வீட்டுல வாண்டுகள் கேட்டா சொல்ல ஒரு சின்ன வடிவம் தர்றேன், எடுத்துக்குங்க:

"சிப்பிக்கு ஒரு போர்வை மாதிரி தோல் இருக்கு. சிப்பியோட பளபள வீட்டைக் கட்டுறது அந்தத் தோல்தான். சில சமயம் மீன் கடிச்சோ, புழு நுழைஞ்சோ, அந்தத் தோல்ல ஒரு சின்னத் துண்டு சிப்பியோட வயித்துக்குள்ள போயிடும். தான் எங்கே வந்திருக்கோம்னு அதுக்குத் தெரியாது. அங்கேயும் வீடு கட்ட ஆரம்பிச்சுடும். எல்லாப் பக்கமும் சுவரா நின்னு கட்டுறதால வீடு உருண்டையா வந்துடும். அந்த உருண்டை வீட்டுக்குப் பேர்தான் முத்து."

மணல் கதையை விட இது நல்லாத்தான் இருக்கு, இல்லையா? 'அப்போ அந்த வீட்டுக்குள்ள யாரு இருப்பா?'ன்னு அடுத்த கேள்வி வந்தா நான் பொறுப்பில்லை. :-)

கொசுறு: சலாபத்துல முத்தைத் தரம் பிரிக்க வரிசையா பத்து பித்தளைச் சல்லடைகள் வச்சிருந்தாங்க. முதல் சல்லடையில 20 ஓட்டை, அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில 1000. இருபது ஓட்டைச் சல்லடையில் நிக்கிறது பெரிய முத்து, ஆயிரத்தில் நிக்கிறது பொடி. உருண்டையும் ஒளியும் குறையே இல்லாம அமைஞ்சது ஆணி, கடைசித் தரம் தூள். விலை போடுறது எடையோட வர்க்கத்தை வச்சு. அதாவது ஒரே தரத்துல, ஒரு பெரிய முத்தின் விலை, அதுல பாதி எடையுள்ள ரெண்டு முத்துகளின் மொத்த விலையைப் போல ரெண்டு மடங்கு. கால்குலேட்டர் இல்லாத காலத்துல, கடற்கரை மணல்ல உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கிட்டு, வர்க்கம் போட்டு வியாபாரம் பண்ணியிருக்காங்க நம்ம ஆளுங்க!